நாலு ஜேம்ஸ் வில்சன்களும் எங்கப்பாவும்

போன ஜூலை 24, வருமான வரி தினம். எங்கள் காமர்ஸ் அசோசியேஷனில் ஒரு கூட்டம் போட்டிருந்தார்கள். ஜூனியர் ஒருத்தன் பத்து நிமிஷம் பேசினான். நன்றாகவே பேசினான். "1860 இல் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தவர், வருமான வரியைக் கொண்டுவந்தவர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வில்சன்" என்று சொல்லி அடுத்த ஸ்லைடைத் தட்டினான். பவுடர் பூசிய தலைமுடி, வட்டக் கண்ணாடி, கழுத்தில் சுற்றிய வெள்ளைத் துணி என்று ஒரு பெரியவர் திரையில் வந்து நின்றார். எல்லாரும் கை தட்டினோம்.

எனக்கு அந்த உடுப்புதான் இடித்தது. 1860 இல் கல்கத்தா வெயிலில் அப்படியா உடுத்தியிருப்பார்கள்? ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து தேடிப் பார்த்தால், படத்தில் இருந்தவரும் ஜேம்ஸ் வில்சன்தான். அவரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்தான். ஆனால் 1798 லேயே இறந்துவிட்டார். இறந்து 62 வருஷம் கழித்து வந்து நமக்கு வரி போட்டுவிட்டுப் போக அவருக்கு என்ன அவசரம்? :)

ஜூனியரைச் சொல்லிக் குற்றமில்லை. தேடத் தேட ஜேம்ஸ் வில்சன்களாக வந்துகொண்டே இருந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, இது பூதங்களின் ஊர்வலம். அதில் நாலு பேரை மட்டும் இந்தப் பதிவுக்குக் கூட்டி வந்திருக்கிறேன். நடுவில் எங்கப்பாவும் வருவார். கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

முதலில் ஏன் இத்தனை ஜேம்ஸ் வில்சன்? வில்சன் என்றால் வில் என்பவரின் மகன், அவ்வளவுதான். வில்லியம் என்பதைச் சுருக்கினால் வில். நாம் அப்பா பெயரை ஒரே எழுத்தாக்கி முன்னால் போடுகிறோம், அவர்கள் முழுசாகப் பின்னால் போட்டார்கள். நம்முடைய இன்ஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவர்களுடையது ஒரு கட்டத்தில் உறைந்துபோய்க் குடும்பப் பெயராகிவிட்டது. வில் யார் என்பது யாருக்கும் நினைவில்லை, மகன்கள் மட்டும் ஊரெல்லாம். இங்கிலாந்திலும் வில்சன்கள் உண்டு. ஆனால் ஸ்காட்லாந்தில் ஸ்மித், பிரவுன் வரிசையில் வைக்கிற அளவுக்கு அது சாதாரணப் பெயர்.

அதோடு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். ஆக ஜேம்ஸ் தாத்தாவுக்கு நாலு மகன்கள் இருந்து, நாலு பேரும் வழக்கத்தைத் தப்பாமல் கடைப்பிடித்தால், ஒரே தெருவில் நாலு ஜேம்ஸ் வில்சன் ஓடியாடிக்கொண்டிருப்பான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்தப் பவுடர் தலைக்காரர் 1742 இல் ஃபைஃப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையில் படித்தார். 1765 இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, பென்சில்வேனியாவில் வக்கீலானார். 1776 இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். 1787 இல் அரசியலமைப்புச் சட்டத்திலும் போட்டார். இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் மொத்தம் 6 பேர்தான். அந்தச் சட்டத்தின் வரைவை எழுதிய குழுவில் இவர் உண்டு. அதிபரை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதாடித் தோற்றவர். அடிமைகளை ஐந்துக்கு மூன்று என்று தலையெண்ணிக்கையில் சேர்க்கும் அந்த அசிங்கமான சமரசத்தை முன்மொழிந்தவரும் இதே ஆள்தான். இரண்டும் ஒரே மூளையிலிருந்து, ஒரே வருஷத்தில், ஒரே மண்டபத்தில்.

1789 இல் வாஷிங்டன் இவரை உச்ச நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஒருவராக நியமித்தார். இங்கேதான் காமர்ஸ் படிக்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். மனுஷனுக்கு நிலத்தின் மீது பைத்தியம். மேற்கே காடு கரம்பை எல்லாம் கடன் வாங்கி வாங்கிப் போட்டார். விலை ஏறும், விற்றுக் கடனை அடைக்கலாம் என்று கணக்கு. நம் ஊர் ரியல் எஸ்டேட் கணக்குதான், கோட்டு மட்டும் வேறு. 1796 - 97 இல் நெருக்கடி வந்தது, யாரும் நிலம் வாங்கவில்லை, கடன்காரர்கள் கதவைத் தட்டினார்கள். நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதி, பதவியில் இருந்துகொண்டே, நியூ ஜெர்சியில் கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். வெளியே வந்து வட கரோலினாவுக்கு ஓடினார். அங்கேயும் ஒரு கடன்காரர் விடவில்லை, மறுபடி சிறை. 1798 ஆகஸ்டில் ஈடன்டன் என்ற சிறு ஊரில், ஒரு சத்திரத்தில், மலேரியாவும் பக்கவாதமும் சேர்ந்து ஆளை முடித்துவிட்டன. அப்போதும் அவர் நீதிபதிதான். ராஜினாமா செய்யவே இல்லை.

அவர் உடலை அங்கேயே புதைத்துவிட்டார்கள். பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்து மரியாதையோடு அடக்கம் செய்தது 1906 இல். 108 வருஷம்!

இனி அடுத்தவர். என் மனசுக்கு நெருக்கமானவர் இவர்தான், காரணம் இருக்கிறது. எங்கள் வீடு திருப்பூரில். அப்பா நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். இந்த ஜேம்ஸ் வில்சன் காலுறை பின்னும் தொழிலாளி. கிளாஸ்கோவுக்குத் தெற்கே ஸ்ட்ராத்ஹேவன் என்ற ஊர். (எழுதுவதுதான் அப்படி, அந்த ஊர்க்காரர்கள் "ஸ்ட்ரேவன்" என்கிறார்கள். கோயம்புத்தூரைக் கோயமுத்தூர் என்கிற நாம் இதையெல்லாம் கேட்கக் கூடாது.) 1760 இல் பிறந்தவர். ஊரில் அவரைப் பர்லி வில்சன் என்று கூப்பிட்டார்கள். பின்னலில் கண்ணியை மறுபக்கமாகத் திருப்பி எடுக்கிற 'பர்ல்' முறையை அவர்தான் கண்டுபிடித்தார் என்று ஊரில் ஒரு பேச்சு. அது உண்மையோ கதையோ, பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு வரிசை நேர் கண்ணி, ஒரு வரிசை மறு கண்ணி. அந்த மறு கண்ணிதான் பர்ல். அப்பாவிடம் சொன்னேன். "ரிப் ஓட்டறது சிங்கிள் ஜெர்சி மாதிரி இல்ல கண்ணு, ஊசி ரெண்டு பக்கமும் வேல செய்யணும்" என்றார். வில்சனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நெப்போலியன் போர் 1815 இல் முடிந்தது. பட்டாளத்திலிருந்து வந்தவர்களெல்லாம் வேலை தேடினார்கள், கூலி விழுந்தது. அதே வருஷம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தானியச் சட்டம் என்று ஒன்றைப் போட்டது. உள்நாட்டில் கோதுமை விலை ஒரு குவார்ட்டருக்கு 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமை உள்ளே வரக் கூடாது. நிலச்சுவான்தார்களுக்குக் கொண்டாட்டம், ரொட்டி வாங்கித் தின்கிறவனுக்குத் திண்டாட்டம். இதைப் பாராளுமன்றத்தில் கேட்கலாம் என்றால் நெசவாளிக்கு ஓட்டு கிடையாது. ஓட்டுக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், 1820 ஏப்ரலில் கிளாஸ்கோவைச் சுற்றி சுமார் 60,000 தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். தற்காலிக அரசாங்கம் அமைக்கப் போகிறோம் என்று சுவரெல்லாம் நோட்டீஸ். ஸ்ட்ரேவனிலிருந்து 25 பேர் அளவில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, ஒரு கொடியையும் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்தக் கூட்டத்தில் அறுபதை எட்டிய நம்ம வில்சனும் உண்டு. காத்கின் குன்றுகளில் பெரும்படை காத்திருக்கிறது என்று அவர்களுக்குச் சேதி. போய்ப் பார்த்தால் ஈ காக்கை இல்லை. கலைந்து வீட்டுக்குத் திரும்பினார்கள்.

யாரும் யாரையும் கொல்லவில்லை. ஆனால் பிடித்துப் போய் ராஜத் துரோகம் என்று வழக்குப் போட்டார்கள். கருணை காட்டலாம் என்று ஜூரிகளே சொல்லியும் கேட்கவில்லை. 1820 ஆகஸ்ட் 30, கிளாஸ்கோவில் இருபதாயிரம் பேர் பார்க்கத் தூக்கிலிட்டு, பிறகு தலையையும் வெட்டினார்கள். ஏழைகளைப் புதைக்கும் குழியில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அவருடைய மகளும் இன்னொரு உறவுக்காரப் பெண்ணும் போய்த் தோண்டி எடுத்து, சொந்த ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள் என்று சொல்கிறார்கள்.

முதல் வில்சனையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவர் மீதும் சட்டப்படி விழக்கூடிய குற்றம் ஒன்றே, ராஜத் துரோகம். 1776 இல் கையெழுத்துப் போட்டவரும் ராஜாவுக்கு எதிராகத்தான் போட்டார், பிடிபட்டிருந்தால் அவருக்கும் கயிறுதான். அரசாங்கத்தின் அதிகாரம் மக்களிடமிருந்து வருகிறது என்று அவர் சொன்னதற்கு நீதிபதி நாற்காலி கிடைத்தது. அதையே நெசவாளி சொன்னதற்குத் தூக்கு மேடை. அவர் பக்கம் ஜெயித்தது, இவர் பக்கம் தோற்றது. இதற்கு மேல் இதில் தத்துவம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பர்லி வில்சனைத் தூக்கில் போட்ட அன்று, எல்லைப்புற ஊரான ஹாயிக்கில் இன்னொரு ஜேம்ஸ் வில்சனுக்கு 15 வயசு. அதுவும் காலுறைத் தறிகளுக்குப் பெயர்போன ஊர்தான். இந்தப் பையனின் அப்பா ஜவுளி ஆலை முதலாளி, பெயர் வில்லியம். ஆக இவர் ஒருவர்தான் நிஜமாகவே வில்லின் மகன். :) பதினைந்து பிள்ளைகளில் நாலாவது. நம் வருமான வரிக்காரர் இவரே. ஜூனியர் படம் போட்டிருக்க வேண்டிய ஆள்.

தொப்பி செய்து விற்கும் தொழிலில் இறங்கி, 1824 இல் லண்டனுக்குப் போய் நன்றாகச் சம்பாதித்தார். 1837 இல் அவுரிச் சாயத்தில் ஊக வணிகம் செய்து அதில் பெரும்பகுதியை விட்டார். முதல் வில்சனுக்கு நிலம், இவருக்கு நீலம். ஆனால் இவர் திவாலாகாமல் தப்பித்துவிட்டார், கடன்காரர்களுக்குக் கணக்கைத் தீர்த்தார். அதற்கப்புறம் எழுத்தில் இறங்கினார். 1843 செப்டம்பரில் அவர் ஆரம்பித்த பத்திரிகைதான் தி எகனாமிஸ்ட். எங்கள் லைப்ரரியில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருக்கிறார்களே, அதேதான். எதற்காக ஆரம்பித்தார் தெரியுமா? அந்தத் தானியச் சட்டத்தை ஒழிக்க. 1846 இல் சட்டம் ஒழிந்தது.

இதைப் படித்தபோது எழுந்து கொஞ்ச நேரம் வராந்தாவில் நடந்தேன். ஸ்ட்ரேவன் நெசவாளியின் அடுப்பை அணைத்ததில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. அவர் கொடி பிடித்துப் போய்த் தலையை இழந்தார். முதலாளி மகன் அதே சட்டத்தை எதிர்த்துப் பத்திரிகை நடத்தி, ஜெயித்து, 1847 இல் எம்.பி.யும் ஆனார். பணம் இருந்ததால் ஜெயித்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் 1820 இல்லாத பிரிட்டன் 1846 க்கு வந்து சேர்ந்திருக்குமா என்றும் தோன்றுகிறது. பின்னூட்டத்தில் வரலாறு மாணவர்கள் யாராவது சண்டைக்கு வரலாம், காத்திருக்கிறேன்.

இந்த மூன்றாவது வில்சனை ரொம்பவும் நல்லவராக்கிவிட வேண்டாம். அரசாங்கம் சந்தையில் தலையிடவே கூடாது என்பது அவருக்கு வேதம். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் அவருடைய பத்திரிகை அதே வேதத்தைத்தான் ஓதியது.

1853 இல் சார்ட்டர்ட் பேங்க் ஆஃப் இந்தியா, ஆஸ்திரேலியா அண்டு சைனா என்ற நீளமான பெயரில் ஒரு வங்கிக்கு அரச சாசனம் வாங்கினார். 1969 இல் ஸ்டாண்டர்டு வங்கியோடு சேர்ந்து இன்றைய ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு ஆனது அதுதான். 1857 எழுச்சியை அடக்கிய செலவில் இந்திய அரசாங்கத்தின் கஜானா காலி. அதைச் சரிசெய்ய 1859 கடைசியில் வில்சன் கல்கத்தா வந்து இறங்கினார். அவர் வந்த நேரம் வங்காளத்தில் அவுரி விவசாயிகள் "இனி விதைக்க மாட்டோம்" என்று கிளர்ந்து எழுந்திருந்தார்கள். அவர் பணத்தைத் தின்ற அதே நீலம்!

1860 இல் வருமான வரி வந்தது. வருஷத்துக்கு 200 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் வரி. 500 ரூபாய் வரை 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். முதல் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்றால், சென்னையிலிருந்து. எதிர்த்தவர் சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன். லண்டன் கருவூலத்தில் வில்சனோடு ஒன்றாக வேலை பார்த்தவர், அயர்லாந்துப் பஞ்சத்தில் கை இறுக்கிக் கெட்ட பெயர் வாங்கியவர். 1857 இல் கலகமே செய்யாத சென்னை மாகாணம் எதற்குத் தண்டம் கட்ட வேண்டும், முதலில் ராணுவச் செலவைக் குறையுங்கள் என்பது அவர் வாதம். அதோடு நிற்காமல், தன் குறிப்பைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். அரசாங்கம் அவரை இங்கிலாந்துக்குத் திருப்பி அழைத்துக்கொண்டது. வில்சனுக்கும் நேரமில்லை. 1860 ஆகஸ்ட் 11 இல் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார், 55 வயசு. இந்தியாவில் இருந்தது ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. 1862 இல் அதே டிரெவெல்யன் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1865 இல் வரி நின்றது. பிறகு வேறு வேறு உருவத்தில் திரும்பி வந்ததும் இன்றுவரை நம்மை விடாததும் உங்களுக்குத் தெரிந்த கதை.

அவருடைய கல்லறை கல்கத்தா மல்லிக் பஜார் கல்லறைத் தோட்டத்தில் புதர் மூடிக் கிடந்தது. 2007 இல் ஒரு வருமான வரி அதிகாரியே போய்த் தேடிக் கண்டுபிடித்தார். வேறு யார் தேடுவார்கள்?

இப்போது எங்கப்பா.

அப்பாவின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. பல்லடம் பக்கத்தில் ஒரு சாமியின் பெயர், எங்கள் கொள்ளுத்தாத்தா பெயரும் அதுதான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்யாணப் பந்தலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். பி.காம். சேர்ந்த வருஷம் கல்விக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தோம். அப்பா இணைக் கடன்தாரர். வங்கியில் (எந்த வங்கி என்பது வேண்டாம்) கவுண்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "உங்க பேர்ல டூ வீலர் லோன் ஒண்ணு கட்டாம ரைட் ஆஃப் ஆயிருக்கே. அத வெச்சுட்டு எப்படிங்க இன்னொரு லோன் கேக்கறீங்க?"

அப்பா வாழ்க்கையில் வண்டிக்கடன் வாங்கியதே கிடையாது. சைக்கிள், அப்புறம் செகண்ட் ஹேண்டில் ஒரு டிவிஎஸ், ரொக்கம் கொடுத்து. அதை அவர் சொல்லவே இல்லை. சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். "பேரு கெட்டுப் போச்சே கண்ணு" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. அவர் சொன்ன பேரும் கம்ப்யூட்டரில் இருந்த பெயரும் ஒரே சொல். அர்த்தம்தான் வேறு.

கடன் தகவல் அறிக்கையை வாங்கிப் பார்த்தோம். பெயர் ஒன்று, இன்ஷியல் ஒன்று, பின்கோடு ஒன்று. பிறந்த தேதியும் ஒன்று! இது எப்படி என்று யோசித்தால், அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டரே ஐந்து வயசு நிறைகிற மாதிரி ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். பாதி ஊருக்கு ஒரே பிறந்த நாள். பான் எண் மட்டும் வேறு, அதை யாரும் பார்க்கவில்லை. திருத்தச் சொல்லி எழுதிப் போட்டு, அந்த அவர் நான் அல்ல என்று அப்பா முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்து, சரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்ததால் அம்மாவின் செயின் அடகுக்குப் போனது.

முதல் வருஷம் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் விதி: பெறுபவர் கணக்கில் பற்று வை, கொடுப்பவர் கணக்கில் வரவு வை. ஆள்சார் கணக்கு என்று அதற்குப் பெயர். பெறுபவர் பெற்றது வேறு, எங்கப்பா கணக்கில் வந்து விழுந்த பற்று வேறு. அந்த விதியைப் பரீட்சையில் எழுதும்போதெல்லாம் எனக்கு வேப்பமரம் ஞாபகம் வரும்.

நடுவில் அப்பா ஒரு வேலை செய்தார். அந்த இன்னொருவரைத் தேடிக்கொண்டு போனார். அப்படியொன்றும் தூரம் இல்லை, இரண்டு ஊர் தள்ளி. சண்டை போடத்தான் போகிறார் என்று அம்மாவுக்குப் பயம். சாயங்காலம் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "அவுரும் நிட்டிங்லதான் இருந்தாராம். கொரோனாவுல கம்பெனிய மூடிட்டாங்க. டியூ கட்ட முடியல. வண்டிய ஃபைனான்ஸ்காரன் தூக்கிட்டுப் போயிட்டான், கணக்கு மட்டும் நின்னுட்டு இருக்குது. டீ வாங்கிக் குடுத்தாரு. காசு நானே குடுத்துட்டேன்." அவருக்கும் தாத்தா பெயராம் அது. அப்பாவுக்கு அவர் மீது கோபம் இல்லை, வங்கிக் கவுண்ட்டர் மீது மட்டும் இன்னும் இருக்கிறது. அந்தக் கிளைப் பக்கம் போவதே இல்லை, பணம் எடுக்க எதிர்ப்பக்கம் இருக்கிற ஏ.டி.எம். தான்.

ஈடன்டன் சத்திரத்தில் செத்துப்போன நீதிபதியைப் பற்றிப் படிக்கும்போது, கடனாளி என்ற சொல்லை முன்பு மாதிரி லேசாகப் படிக்க முடியவில்லை. இவருக்குப் பேராசை, அந்த டூ வீலர்காரருக்குக் கொரோனா, இரண்டும் ஒன்றில்லை. ஆனால் கணக்கில் இரண்டும் ஒரே மாதிரி வரியாகத்தான் இருக்கும்.

ஒரே பெயர்ச் சிக்கலை ஊர்ஜனங்கள் கம்ப்யூட்டருக்கு முன்பே தீர்த்துவைத்திருந்தார்கள். அப்பாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "கெணத்துமேட்டார்". இன்னொருவர் "மிலிட்டரிக்காரர் பையன்". மாறிப்போக வாய்ப்பே இல்லை. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரை மீனவ ஊர்களிலும் இதே கதை. ஒரே பெயரில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், அதனால் ஆளுக்கொரு 'டீ நேம்' வைத்துவிடுவார்கள். (குடிக்கிற டீ இல்லை!) பட்டப்பெயர்தான், ஆனால் கேலிக்கு அல்ல, அடையாளத்துக்கு. அரசாங்கப் பதிவுகளிலும் அது ஏறியது. நம் வங்கி விண்ணப்பத்தில் "கெணத்துமேட்டார்" என்று எழுத ஒரு கட்டம் இருந்திருந்தால் அம்மாவின் செயின் கழுத்திலேயே இருந்திருக்கும்.

நாலாவது வில்சன் இப்படிப் பட்டப்பெயரால் பிழைத்தவர். 1835 இல் ஏர்ஷயரில் பிறந்து, சின்ன வயசிலேயே பெற்றோரோடு அமெரிக்கா போய், ஐயோவா மாநிலத்தில் விவசாயம் பார்த்த ஜேம்ஸ் வில்சன். அரசியலுக்கு வந்தால், அதே ஐயோவாவில் ஏற்கெனவே ஒரு ஜேம்ஸ் வில்சன் பெரிய தலைவராக இருக்கிறார். இவர் இருந்தது டாமா மாவட்டம். அதனால் "டாமா ஜிம்". அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1897 முதல் 1913 வரை, மெக்கின்லி, ரூஸ்வெல்ட், டாஃப்ட் என்று மூன்று அதிபர்களிடம் விவசாய மந்திரி. 16 வருஷம் ஒரே நாற்காலி. அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு காலம் தொடர்ந்து மந்திரியாக இருந்தவர் வேறு யாரும் இல்லை. நீதிபதி வில்சன் காடு கரம்பையை விலை ஏற்றி விற்க வாங்கினார், டாமா ஜிம் உழுவதற்கு வாங்கினார். இவர் கடனாளியாகச் சாகவில்லை.

ஜூனியரிடம் சரியான படத்தை அனுப்பியாயிற்று. கன்னத்து மீசையோடு, கோட்டு போட்ட, பார்த்தாலே வரி கேட்கிற முகம். "அக்கா, இதுக்கு அதுவே நல்லா இருந்துச்சு" என்று பதில் வந்தது.

கொசுறு: ஐந்தாவதாக ஒரு ஜேம்ஸ் வில்சனும் கிடைத்தார். இவர் இங்கிலாந்துக்காரர், அதனால் மேலே சேர்க்கவில்லை. நெசவாளி பிறந்த அதே 1760 இல் பிறந்த கப்பல் கேப்டன். ஹைதர் அலியோடு ஆங்கிலேயர்கள் போரிட்ட காலத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டு, நம் கடலூரில் கைதியாக இருந்தார். கைதிகளை ஹைதரிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ராத்திரியோடு ராத்திரியாகக் குதித்துத் தப்பி, தெற்கே ஓடி, முதலைகள் நிறைந்த கொள்ளிடத்தை நீந்தியே கடந்துவிட்டார். அக்கரையில் ஹைதரின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். கொள்ளிடத்தை நீந்தி வந்தேன் என்று அவர் சொன்னதை அவர்களால் நம்பவே முடியவில்லையாம். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் 22 மாதம் சிறை. விடுதலையாகி ஊர் போய்ச் சேர்ந்து, பிறகு 1796 இல் டஃப் என்ற கப்பலில் பாதிரிமார்களை ஏற்றிக்கொண்டு தஹீட்டிக்குப் போனார். சிதம்பரம் பக்கத்து நண்பர்கள் யாராவது கொள்ளிடத்தில் இப்போதும் முதலை இருக்கிறதா என்று சொல்லுங்கள்.